சின்ன டிரான்ஸ்போமரும் நான் தின்ற கச்சானும்

காணும் கூட்டாளி, இந்த மடலில் முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பின்னேரம் நான் விளக்குக்கு ஊற்ற வைத்திருந்த எண்ணெயை நக்கிப் பார்த்தேன். நாற்பத்தேழு வயது, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன், கோயில் சபையில் உப செயலாளர். போத்தலுக்குள் விரலை விட்டு, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு நாக்கு நுனியில் தொட்டுத் துப்பினேன். துப்பி நிமிர்ந்தால் குசினி வாசலில் என் மனுசி நிற்கிறாள்.

"ஏனப்பா, கறிக்கு உப்புக் குறைவெண்டால் வாயாலை சொல்லலாந்தானே?" என்றாள்.

சண்டையால் ஊரில் கரண்ட் போய் நாலு வருஷமாகிறது. அது நீர் அறிந்ததுதான். பண்டத்தரிப்பில் இப்போது எல்லார் வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்குத்தான். அடியில் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்க நாலு சொட்டு மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த மண்ணெண்ணெயும் சுத்தமாகக் கிடைப்பதில்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் கலந்து விற்கிறார்கள். நேற்று வாங்கிய போத்தலைத் திறந்தபோது வந்தது மண்ணெண்ணெய் மணமில்லை. சந்திகளில் செத்துப்போய் நிற்கிற டிரான்ஸ்போமர்களின் வயிற்றைத் திறந்து யாரோ எண்ணெய் எடுக்கிறார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால் நான் அதை நம்பவில்லை. ஆனால் மூக்கு நம்பியது. அந்த மணத்தோடு நீர் வந்தீர்.

இப்படி விரலில் தேய்த்து, மணந்து, நாக்கில் தொட்டுத் துப்புவது உம்முடைய வேலை. "எரிஞ்ச எண்ணெய் கைக்கும், நல்லது ஒண்டும் சொல்லாது," என்பீர். பதினொரு வருஷம் மயிலிட்டியில் ஒரே ஐஸ் தொழிற்சாலையில் இருந்தோம். நீர் குருநகரிலிருந்து வந்த எலெக்ரீசியன், கழுத்தில் மாதா பதக்கம், காதில் பென்சில். நான் பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் வருகிற ஸ்டோர் கிளாக்கர். உமக்குக் கரண்டைத் தெரியும்; எனக்கு ஊரில் யார் யாரோடு கதைக்கிறதில்லை என்பது தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் தொழிற்சாலைக்கு வேண்டிய அறிவு முழுவதும் இருந்தது என்று நான்தான் சொல்லித் திரிந்தேன்.

நீர் போய் ஒன்றரை வருஷமாகிறது. இந்த ஒன்றரை வருஷத்தில் உமக்கு எழுத வேண்டுமென்று பல தடவை நினைத்தேன். எழுதாததற்குக் காரணம், எழுதினால் ஒரு எண்ணைப் பற்றி எழுத வேண்டி வரும். உயிரோடு இருந்தபோது உம்மிடம் சொல்லப் பயந்த எண்.

பழைய டிரான்ஸ்போமர் எரிந்த நாள் உமக்கு நினைவிருக்கும். வாடைக்காற்று அடங்கி, மயிலிட்டியில் வள்ளங்கள் எல்லாம் கடலுக்குத் தயாராக நின்ற நேரம். வயிறு முட்டத் தின்றவன் விடுகிற ஏவறை மாதிரி ஒரு பெரிய சத்தம், பிறகு கறுப்புப் புகை, பிறகு அமைதி. தொட்டிக்குள் பாதி உறைந்த ஐஸ் கட்டிகள் திரும்பத் தண்ணீராகிக்கொண்டிருந்தன. வள்ளக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "முதலாளி, உங்கடை ஐஸ் இல்லாட்டி இந்த முறை யாழ்ப்பாணம் முழுக்கக் கருவாடுதான் திண்ணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அவரிடம் வேலை செய்கிற இருபது வீட்டுச் சோறு அந்தப் பகிடிக்குள் இருந்தது.

முதலாளி மூன்று நாள் தந்தார். "பெரிசாய்ப் பாத்து ஒண்டு எடுங்கோ. திரும்பத் திரும்ப எரியாமல்," என்றார். பிறகு டிரான்ஸ்போமர் அறையைக் காட்டினார். அதுவும் உமக்குத் தெரிந்த அறைதான். இடப்பக்கச் சுவரின் மாடத்தில் அவருடைய வைரவர். வலப்பக்கமும் பின்பக்கமும் கொம்பிரசர் அறையின் சுவர். மேலே, ஆமியின் செல் குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டுமென்று அவர் போட்ட கொங்கிறீட் தட்டு. முன்னால் மட்டும் இரும்புக் கேற்.

"யானையைக் கொண்டு வந்தாலும் சரி, பூனையைக் கொண்டு வந்தாலும் சரி, உந்தக் கேற்றாலைதான் கொண்டு வரோணும். வைரவர்ரை சுவரிலை ஒரு கல்லுக் கழரப்படாது."

"ஓம் முதலாளி," என்றீர், மாதா பதக்கத்தைத் தடவியபடி.

நீர் அளவு நாடாவின் ஒரு நுனியை என்னிடம் தந்தீர். கேற்றின் வாசலை அளந்தோம். நாடா சுருண்டு வந்து என் சின்னவிரலில் வெட்டியது. நான் இரத்தத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துகொண்டே பொக்கற் டயறியில் எழுதினேன்.

யாழ்ப்பாணத்தில், மூடிப்போன ஒரு ஆலையின் வளவில், விற்பதற்கு இரண்டு டிரான்ஸ்போமர் இருந்தன. ஒன்று நானூறு கே.வி.ஏ., மற்றது இருநூற்றைம்பது. தகட்டைப் பார்த்து, "ஆர் காணும் உந்தக் கே.வி.ஏ.? பழைய முதலாளியோ?" என்று கேட்ட மனிதன் நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நீர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. "அது எவ்வளவு சுமை தூக்கும் எண்ட கணக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து எண்ணெயை மணந்தீர்.

பெரியது உண்மையாகவே பெரியது. உடம்போடு பற்றவைத்த குழாய்கள் விலா எலும்பு மாதிரிப் புடைத்து நின்றன. சின்னது வயதிலும் இளையது, கொஞ்சம் கூச்சமாக ஓரத்தில் நின்றது. லொறிக்காரருக்குச் சொல்ல வேண்டுமென்று இரண்டின் அகலத்தையும் அளக்கச் சொன்னீர். அளந்தேன், எழுதினேன். எனக்குப் பெரியதைப் பிடித்துவிட்டது. முதலாளிக்கும் அதுதான் விருப்பம். யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் பெரியதைத்தான் எடுக்கச் சொல்வார்கள். நீர் மட்டும் சின்னதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்.

"நான் ஒண்டு சொல்லுறன், கேளும்," என்றீர். "வேலை செய்யேக்கை எவ்வளவு தின்னுது எண்டு பாக்கிறது பெரிய விசயமில்லை. வேலை செய்யிறவன் தின்னத்தான் செய்வான். சும்மா நிக்கேக்கை எவ்வளவு தின்னுது எண்டு பாரும். அதிலைதான் குணம் தெரியும்."

"ஏன் காணும் என்னைப் பாக்கிறீர்?"

"நான் டிரான்ஸ்போமரைப் பாக்கிறன். நீர் அதுக்கு முன்னாலை நிக்கிறீர்."

பிறகு எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னீர். எங்கள் மோட்டர்கள் மாரியில் பாதி நாள் ஓடுவதில்லை. ஆனால் டிரான்ஸ்போமர் இரவு பகல், வருஷம் முழுவதும் லைனில் தொங்கிக்கொண்டே இருக்கும். மோட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் இரும்பு தன் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும். அந்தத் தீனி கூடிய டிரான்ஸ்போமரை வாங்கினால், ஒரு கட்டி ஐஸும் செய்யாத நாளிலும் கரண்ட் வெறுமனே சூடாகிப் போய்விடும். நல்ல இரும்பு போட்டுச் செய்தது என்றால் சும்மா நிற்கும்போது கொஞ்சமாகத் தின்னும். பெயர்த்தகட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

"ரெண்டையும் அரை மணித்தியாலம் சும்மா விட்டுப் பாப்பம். பெரிசு, சின்னனைப்போலை ரெண்டு மடங்குக்கு மேலை தின்னுதெண்டால் சின்னன். அதுக்குக் குறைவெண்டால் பெரிசு. பெரிசெண்டால் ரெண்டு மோட்டரையும் ஒண்டாய்த் தட்டினாலும் ஏனெண்டு கேளாது. சின்னன் முக்கும். அதோடை மல்லுக்கட்டுறதெண்டால் அதுக்கு ஒரு நியாயம் வேணும்."

எவ்வளவு நேர்மையான விதி! அந்த விதியை என்னைப் போன்ற ஒருவனின் கையில் கொடுத்தீரே, அதுதான் நீர் வாழ்க்கையில் விட்ட ஒரே பிழை.

பக்கத்து மர ஆலையிலிருந்து மூன்று கம்பிக் கரண்டை இழுத்து, நடுவில் ஒரு பழைய மீற்றரைப் பூட்டினீர். வழக்கமாகக் கரண்ட் வெளியே வருகிற பக்கத்தால் உள்ளே விட்டீர். அப்படி விட்டால் மேலே இருக்கிற மூன்று பீங்கான் கொம்புகளிலும் பதினோராயிரம் வோல்ற் ஏறி நிற்குமாம். சுற்றிவரக் கயிறு கட்டினீர். "கயித்துக்கு இங்காலைதான் நிக்கோணும். கொம்புக்குக் கிட்டப் போனால் உம்மை ஐஸிலை போட்டுத்தான் பண்டத்தரிப்புக்கு அனுப்போணும்," என்றீர். நான் கயிற்றிலிருந்தும் பத்து அடி தள்ளி நின்றேன். மீற்றரை மட்டும் நீளமான வயரில் என் பக்கம் கொண்டு வந்து ஒரு கதிரையில் வைத்தீர்.

மீற்றரின் கண்ணாடிக்குள் ஒரு தட்டு. தட்டின் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு. அந்தப் பொட்டு எத்தனை தரம் முன்னால் வந்து போகிறது என்று எண்ணுவது என் வேலை. என் உயிருக்கு ஆபத்தில்லாமல் எனக்குத் தரக்கூடிய ஒரே வேலை அதுதான் என்று நீர் கணித்திருந்தீர்.

கச்சான் யோசனை என்னுடையது. விரலில் எண்ணினால் தவறிவிடும். அதனால் நூறு கச்சான் கடலை எண்ணிக் காற்சட்டையின் இடப் பொக்கற்றுக்குள் போட்டேன். பொட்டு ஒரு தரம் வந்தால் ஒரு கச்சான் வலப் பொக்கற்றுக்குப் போகும். சின்ன டிரான்ஸ்போமரை முதலில் விட்டீர். நீர் மணிக்கூட்டோடு எனக்குப் பக்கத்திலேயே நின்றீர். பொட்டு ஆடி அசைந்து, ஊர்வலத்துக்குப் பின்னால் வருகிற பெரியவர் மாதிரி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அரை மணித்தியாலம் முடிய வலப் பொக்கற்றில் நாற்பத்தொரு கச்சான். இந்த எண் சத்தியம். எந்தக் கோயிலிலும் சொல்வேன், உம்முடைய கோயிலிலும்.

அடுத்தது பெரியது. அதை விட்டுவிட்டு நீர், "எண்ணும், நான் உந்தப் பக்கம் எண்ணெயைப் பாத்திட்டு வாறன்," என்று சின்னதின் பின்னால் போய்விட்டீர். அந்த நேரம் பார்த்துத்தான் வளவின் காவல்காரர் வந்தார். அளவெட்டிக்காரர். உம்மோடு ஒரு சொல் பேசாத மனிதர் என்னைக் கண்டதும் குந்திவிட்டார். ஊர்க்கதை என்ற ஒரே நோய் உள்ளவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்துவிடும்.

"தம்பி பண்டத்தரிப்போ? அப்ப போன ஆவணியிலை அங்கை நடந்த கலியாணம் தெரிஞ்சிருக்குமே?"

"எந்தக் கலியாணம்?"

"மேளகாரர் பந்தியிலை இருந்த கலியாணம்."

காணும், என் ஊரில் நடந்த ஒரு கலியாணம், அது எனக்குத் தெரியாமல் அளவெட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் நிலைமையை யோசித்துப் பாரும்.

"முகூர்த்தம். ஐயர் தாலியை எடுத்துக் குடுத்திட்டார். மாப்பிள்ளை தாலியும் கையுமாய் நிக்கிறார். 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' எண்டு ஐயர் விரலை ஆட்டுறார். மேளம் இல்லை. திரும்பிப் பாத்தால் நாலு பேரும் பின்னாலை பந்தியிலை."

"ஐயோ! பிறகு?"

"பெண்ணின்ரை மாமன் ஓடினார். தவில்காரர் இலையை விட்டு எழும்பேல்லை. 'காலமை ஆறு மணிக்கு வந்தனாங்கள், ஒரு தேத்தண்ணி தரேல்லை. இனிப் பாயாசம் வரட்டும், வாசிக்கிறம்' எண்டார்."

"அப்ப மாப்பிள்ளை?"

"பாயாசம் வருமட்டும் நிண்டவர்."

"நிப்பாட்டும்!" என்று நீர் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினீர். "அரை மணித்தியாலம். எத்தினை?"

அப்போதுதான் என் வாய் எதையோ மெல்லுகிறது என்பதை நான் கவனித்தேன்.

கையை விட்டுப் பார்த்தேன். இடப் பொக்கற்றில் முப்பது. வலப் பொக்கற்றில் பதினொன்று. மிச்சம் எனக்குள். எந்தப் பொக்கற்றிலிருந்து எடுத்துத் தின்றேன், இரண்டிலுமா, தாலி கட்டாமல் நின்ற நேரம் பொட்டு எத்தனை தரம் வந்து போனது, ஒன்றும் தெரியாது. கோதோடு வாங்கியிருந்தால் நிலத்தில் கிடக்கிற கோதையாவது எண்ணியிருக்கலாம். கோது நீக்கியதை வாங்கினேன். வசதி பார்த்தேன்.

"எத்தினை எண்டு கேக்கிறன்!"

"தொண்ணூற்றிரண்டு," என்றேன்.

ஏன் தொண்ணூற்றிரண்டு? தொண்ணூறு என்றால் பொய் மாதிரி இருக்கும். தொண்ணூற்றிரண்டில் ஒரு உழைப்புத் தெரிந்தது. உமக்குச் சின்னதில்தான் மனம் என்பதும் எனக்குத் தெரியும். நூறு கச்சானில் முப்பது இடப் பக்கம் மிஞ்சியிருக்கத் தொண்ணூற்றிரண்டு எப்படி வரும் என்று நீர் கேட்கவில்லை. நாற்பத்தொன்றை இரண்டால் பெருக்கினீர். காதிலிருந்த பென்சிலை எடுத்து, திரும்பக் காதிலேயே வைத்தீர். "அப்ப சின்னன்தான்," என்றீர்.

காவல்காரர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி எழும்பிப் போனார். அவருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது. நான் அவருக்கும் கொடுத்திருக்கிறேன்!

லொறியில் வந்த பயணத்தை மறக்க முடியுமா? தறப்பாளால் மூடினால் ஆமியின் ஹெலிகொப்டரிலிருந்து பார்க்கப் பீரங்கி மாதிரித் தெரியும் என்று நான் பயந்தேன். நீர் மூடாமல் விட்டீர். மூடாமல் விட்டால் மூன்று கொம்பும் இன்னும் மோசமாகத் தெரியும் என்று பயந்து, நான் வழியில் இறங்கித் தென்னோலை வெட்டிச் செருகினேன். தூரத்தில் கெலிச் சத்தம் கேட்டது. "ஒளிச்சு வைச்ச பீரங்கி மாதிரி வடிவாய் இருக்கு," என்று சொல்லி ஓலையைப் பிடுங்கி எறிந்தீர். கெலி வேறு எங்கோ போனது. மயிலிட்டி வரும்வரை நான் ஓலையைப் பற்றித்தான் பயப்படுகிறேன் என்று நீர் நினைத்துக்கொண்டிருந்தீர். நான் தொண்ணூற்றிரண்டைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன்.

உருளைக் கம்பிகளை அடியில் போட்டு, எட்டுப் பேர் சேர்ந்து, கேற்றுக்குள் அதைத் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் மூன்று விரல் இடைவெளி. வைரவர் பக்கம் உரசக்கூடாது என்று முதலாளி கையைக் கூப்பிக்கொண்டே நின்றார். உரசவில்லை. உள்ளே போனதும் அவர் உம்மைப் பார்த்து, "தம்பி, பெரிசை விட்டிட்டு உந்தச் சின்னனைக் கொண்டு வந்திருக்கிறீர். தாங்குமோ?" என்று கேட்டார்.

"கணக்குப் பாத்துத்தான் எடுத்தனாங்கள் முதலாளி. தாங்காட்டி நான் வேலையை விட்டிட்டுக் குருநகரிலை வலை பின்னுறன்," என்றீர். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டீர்: ஒரு மோட்டரைத் தட்டி, அது முழு வேகம் எடுத்து, அதற்குப் பிறகும் நூறு எண்ணித்தான் மற்ற மோட்டர்.

கணக்கு! வீட்டுக்குப் போய்க் கச்சான் கணக்கைத் திரும்பப் போட்டேன். வலப் பொக்கற்றிலிருந்து மட்டும் தின்றிருந்தால் எழுபது சுற்று. அது இரண்டு மடங்குக்குக் குறைவு. உம்முடைய விதிப்படி நாங்கள் பெரியதைத்தான் எடுத்திருக்க வேண்டும். கதை கேட்ட மும்முரத்தில் இருபது சுற்றைத் தவறவிட்டிருந்தால் சின்னது சரி. இருபது சுற்று நீளமான கதையா அது? நான் அந்தக் கதையை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லி நேரம் பார்த்தேன். உம்முடைய மனுசியும் மூன்று பிள்ளைகளும் வலை பின்னுகிற காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது. வைரவருக்கு மூன்று தேங்காய் நேர்ந்தேன். பாதுகாப்புக்காக உம்முடைய மாதா கோயிலிலும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன், நீர் கண்டுவிட்டு, "ஆருக்கு காணும் சுகமில்லை?" என்று கேட்டீர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் சைக்கிளை நிறுத்தியதும் நான் முதலில் போனது அந்தக் கேற்றடிக்குத்தான். உள்ளே அது மெல்ல முனகிக்கொண்டு நிற்கும். முனகல் நேற்றையை விடக் கூடவா, குறைவா? நான் காதைக் கொடுத்துக் கேட்பதைக் கண்ட பெடியள், கிளாக்கர் டிரான்ஸ்போமரோடும் ஊர்க்கதை கதைக்கிறார் என்று சிரித்தார்கள். மோட்டர் தட்டுகிற நேரம் வந்தால் நான் ஸ்டோருக்குள் போய் அலுமாரிக்குப் பின்னால் நின்று நூறு எண்ணுவேன். அந்த நூறை மட்டும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. பத்து நாளாகக் கடலுக்குப் போக நேவியின் தடை. தடை எடுத்ததும் எல்லா வள்ளமும் போய், எல்லாம் ஒரே மத்தியானம் பாரையும் சூரையுமாக நிறைந்து வந்தன. துறைமுகத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை மீன் குவியல், நல்ல வெயில். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தது. நீர் ஓடி வருவதற்குள் முதலாளி தானே போய் இரண்டு மோட்டரையும் ஒன்றாகத் தட்டிவிட்டார்.

லைற் எல்லாம் தணல் மாதிரிச் சிவந்து சுருங்கின. முனகல் உறுமலாகியது. மோட்டர் இரண்டும் சுற்றவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நடுங்கின. நீர் பிரதான சுவிச்சின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர். இழுத்து நிறுத்தவில்லை. முகம் முழுக்க வியர்வை; உதடு மட்டும் அசைந்தது, எண்ணுகிறீரா செபம் சொல்கிறீரா தெரியவில்லை. வெளியே அவ்வளவு மீன். உள்ளே உம்முடைய வேலை. நடுவில் நான் தின்ற கச்சான். எனக்கு அடக்க முடியவில்லை.

"காணும்! அந்தத் தொண்ணூற்றிரண்டு பொய்! நான் எண்ணேல்லை!" என்று கத்தினேன்.

"என்ன?" என்று நீர் திரும்பினீர். உறுமலில் ஒரு சொல்லும் உமக்குக் கேட்கவில்லை.

அந்தக் கணம் முதல் மோட்டர் பிடித்துக்கொண்டது. பின்னால் மற்றதும். லைற் வெளித்தது. உறுமல் இறங்கி, இறங்கி, பழைய முனகலில் வந்து நின்றது. நீர் கைபிடியை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்தீர். முதலாளி வைரவருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அன்றைக்கு ஒரு பெட்டி மீனும் பழுதாகவில்லை.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டீர்: "அந்த நேரம் ஏதோ சொன்னீர். என்ன காணும்?"

"கச்சான் வேணுமோ எண்டு கேட்டனான்," என்றேன்.

நீர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர். "நல்ல நேரம்தான் பாத்தீர்," என்று மட்டும் சொன்னீர். அந்தப் பார்வையில் ஏதாவது இருந்ததா என்று யோசித்து யோசித்தே எனக்குத் தலை நரைத்தது.

சின்னது எரியவில்லை. நாங்கள் மயிலிட்டியை விட்டு ஓடிவந்த தொண்ணூறாம் ஆண்டு வரை முனகிக்கொண்டுதான் இருந்தது. இன்று அங்கே ஆமி இருக்கிறது, யாரும் போக முடியாது. கேற் இருக்கிறதா, வைரவர் இருக்கிறாரா, தெரியாது. அது அங்கேதான் நிற்கிறதென்றால், முதல் தடவையாக ஒன்றும் தின்னாமல் சும்மா நிற்கிறது.

உம்முடைய செத்தவீட்டுக்கு வந்திருந்தேன். நெஞ்சு நோகிறது என்று காலையில் படுத்தீராம், மத்தியானம் இல்லையாம். பெட்டிக்குக் கிட்டப் போய் நின்று மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றுதான் வரிசையில் நின்றேன். கிட்டப் போனால் உம்முடைய மனுசி, "உங்களைப் பற்றித்தான் எந்நேரமும் கதைப்பார். வாய் ஓயாது, ஆனால் எண்ணினால் பிழைக்காத மனிசன் எண்டு சொல்லுவார்," என்றா. வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

இப்போதும் எதையாவது தொடங்குவதற்கு முன் நூறு எண்ணுகிறேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ போடும்போதும் எண்ணுகிறேன். அதற்குள் செய்தி முடிந்துவிடுகிறது. கச்சான் தின்பதில்லை. சபைக் கூட்டத்தில் யாராவது சும்மா இருந்து வடை தின்றால் உம்முடைய சொல் காதில் கேட்கிறது. கையிலிருக்கிற வடையைத் திரும்பத் தட்டில் வைத்துவிடுகிறேன். இந்த மடலை எழுதத் தொடங்கியபோது கொளுத்திய விளக்கு, நான் நக்கிய அதே எண்ணெயில், நன்றாகத்தான் எரிகிறது. கைக்கவில்லை.

எண் பிழைக்கக்கூடாதே என்று, பெட்டியின் அடியில் கிடந்த அந்தப் பொக்கற் டயறியை இப்போதுதான் எடுத்துத் திறந்தேன். சின்னன் 41, பெரிசு 92. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அதே பக்கத்தில், அதற்கு மேலே, சின்னவிரல் இரத்தக் கறையோடு, என் கையெழுத்தில் இன்னும் மூன்று வரி இருக்கிறது.

கேற் வாசல் – 4 அடி 2 அங்குலம்.

சின்னன் அகலம் – 3 அடி 10 அங்குலம்.

பெரிசு அகலம் – 4 அடி 9 அங்குலம்.